நெல் களஞ்சியத்துக்கு ஒரு ஜப்பானியச் சொல்

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிக் குடியேற்றத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஒரு சித்திர ஆசிரியை எனக்குப் பேனாச் சிநேகிதி. ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு புரட்டாதியில் பிள்ளைகளின் படங்களை அண்ணனுடைய நெல் களஞ்சியத்தில் மூன்று நாள் மாட்டிவைத்தேன். அறுவடை வரும்வரை அது வெறுமையாகத்தான் கிடக்கும். அதை அவளுக்கு எழுதும்போது, யாழ்ப்பாணத்தில் வாங்கிய பழைய அகராதியைப் பார்த்து ஒரு சொல்லை மட்டும் ஜப்பானிய எழுத்திலேயே வரைந்தேன்: பிஜுட்சுகன். படங்கள் வைக்கும் இடம் என்பது என் எண்ணம்.

மார்கழியில் பதில் வந்தது. எங்கள் ஊரில் கலைக்கூடம் இருப்பது கேட்டு அவளுடைய அதிபருக்குப் பெரிய சந்தோசமாம். மாணவர்களின் படங்களை அதற்கே அன்பளிப்பாக அனுப்பப் போகிறார்களாம். என்றைக்கும் அங்கேயே இருக்கட்டுமாம்.

நான் வரைந்த சொல்லை அவர்கள் நிரந்தரமான கலைக்கூடம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"என்ன பிள்ளை, காலமை தொடக்கம் வாசலுக்கும் குசினிக்குமா நடக்கிறாய்?" என்றார் அண்ணன்.

"உங்கட களஞ்சியத்தை மியூசியம் எண்டு எழுதிப்போட்டன் அண்ணை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப என்ர நெல்லை எங்கை போடுறது? களஞ்சியம் எண்டே எழுதிவிடன்."

"அப்பிடி எழுதினா, படம் வைச்சதே பொய்யெண்டு நினைப்பா."

அகராதியோடு மல்லுக்கட்டினேன். கரோ என்றால் படம் விற்கும் இடம். நாங்கள் ஒன்றும் விற்கவில்லை. தென்ஜிஷிட்சு என்றால் காட்சிக்கென்றே ஒதுக்கிய அறை. களஞ்சியத்தில் எலிப்பொறிகூட இருந்தது. கடைசியில் கைஜோ கண்ணில் பட்டது. ஒரு நிகழ்ச்சி நடக்கிற இடம், அவ்வளவுதான். அது மண்டபமாகவும் இருக்கலாம், கொட்டிலாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை வரைந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தபாற்கந்தோருக்கு ஓடினேன்.

பிறகு தை போனது, மாசி போனது. களஞ்சியம் மூட்டைகளால் நிரம்பியது. தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டால் கரும்பலகையில் பாதிப் பூவை விட்டுவிட்டு யன்னலுக்குப் போவேன். என் கடிதம் போய்ச்சேரப் பிந்திவிட்டதோ, அவள் கோபித்துவிட்டாளோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனிக் கடைசியில் பொதி வந்தது. மேலே ஒரு சின்னக் குறிப்பு: "நீங்கள் எழுதிய சொல் சரி. கலைக்கூடம் என்றால் கொடுத்துவிடலாம். இப்படியான இடமென்றால் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்."

நெல் விற்று முடிய வைகாசியானது. களஞ்சியத்தைக் கூட்டிப் படங்களை மாட்டினோம். வெள்ளை வெளேரென்றிருந்த ஒரு படத்தின் முன்னால் அண்ணன் கனநேரம் நின்றார்.

"இது உப்பளமோ?"

"பனி அண்ணை. அங்கை வானத்திலயிருந்து விழுமாம்."

"கூரையிலயுமோ?" என்று கிட்டப் போய்ப் பார்த்தார்.

நாலாம் நாள், ஒவ்வொரு படத்திலும் ஒட்டியிருந்த உமித்தூசியைக் கோழி இறகால் தட்டி, பொதிந்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று அவள் எழுதும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை.