பூங்கா என்று குறித்திருந்த மூலை

நான் எழுதிய ஆய்வுக் குறிப்பு பதினோரு பக்கம். அவன் கேட்டது ஒரே கேள்வி. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் முடித்த கையோடு பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். அதே வாரம் அவனும் சேர்ந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், டிப்ளமோதான். இருவருக்கும் ஒரே மேசை. நான் விதிகளை எண்ணோடு ஒப்பிப்பேன். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் செயல் அலுவலருக்கு ஒரு சந்தேகம் என்றால் அவன் பக்கம்தான் திரும்புவார். அது எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

ஊர் எல்லையில் வயலாகக் கிடந்த இடத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. மனை போடுகிறவர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கி, அதைப் பேரூராட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் பச்சை வண்ணத்தில் அழகாகப் பூங்கா போட்டிருந்தார்கள். பரப்பளவு சரி, சாலை அகலம் சரி. மன்றக் கூட்டத்துக்கு முன் நேரில் பார்த்துவர எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். குறிப்பு எழுதும் வேலை எனக்கு. பெருமை தாங்கவில்லை.

சித்திரை வெயில். நான் டேப்பை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன், போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். அவனோ பூங்கா மூலையில் ஒரு வேலிகாத்தான் புதருக்கு எதிரே நின்றவன் நகரவே இல்லை. முள்ளில் காய்ந்த கோரையும் கிழிந்த பால் பாக்கெட்டும் சிக்கியிருந்தன, இடுப்பு உயரத்தில்.

“மச்சான், இவ்ளோ ஒசரத்துல இது எப்படி வந்து மாட்டுச்சு?”

சட்டென்று புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் அந்த உயரத்துக்கு நிற்கிறது. விற்க முடியாத பள்ளத்தைப் பூங்கா என்று எங்கள் தலையில் கட்டுகிறார்கள். மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பின்னால் இருக்கும் தெருவுக்குள்தான் போகும். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. அடுத்த நொடி, இது என் கண்ணில் படவில்லையே என்றுதான் வலித்தது.

“ஆட்டுக்காரங்க தழை கட்டித் தொங்கவுட்டிருப்பாங்க, வா,” என்றேன். அவன் போய் வண்டியை எடுத்தான்.

குறிப்பில் அதை எழுதவில்லை. எழுதினால் யார் கண்டுபிடித்தது என்று அலுவலர் கேட்பார், அவன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். படங்களை மட்டும் சேர்த்தேன்.

கூட்டத்தில் அந்தப் படங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு விளக்கினேன். அவன் கோப்புகளோடு கதவோரம் நின்றான். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். எழுத்தர் தீர்மானத்தை எழுதப் பேனாவைத் திறந்தபோது, பின்தெரு இருக்கும் வார்டின் உறுப்பினர் எழுந்தார். கடந்த மழையில் தன் வீட்டுக்குள்ளேயே வாளியால் தண்ணீர் இறைத்ததாக எல்லோரிடமும் சொல்லும் அம்மா அவர்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. அங்க பூங்கா வந்தா எங்க தெருவுக்குத் தண்ணி வருமா வராதா? அத மட்டும் சொல்லு.”

சுவரில் நின்றது அந்த மூலையின் படம். புதர், கோரை, பால் பாக்கெட். எடுத்தது நான். எல்லை வேலியின் நீளத்தைக் காட்ட எடுத்திருந்தேன். இப்போது அது தண்ணீரின் உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கதவுப் பக்கம் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் திறக்கிற எண்ணமே இல்லாமல். திறந்திருந்தால் அவனை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

“வரும்மா,” என்றேன்.

படத்தில் விரல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது, நான் கவனித்தேன் என்றே சொன்னேன். அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, பூங்காவை மேட்டு நிலத்தில் காட்டித் திருத்திய வரைபடம் தர வேண்டும் என்று தீர்மானம் ஆனது. அலுவலர் முதல்முறையாக என் பக்கம் திரும்பி, கண்ணு நல்லா வேலை செய்யுதுப்பா உனக்கு என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை எப்போது விடுவார் என்று இருந்தது.

டீக்கடையில் அவன்தான் டீ வாங்கினான். என் கிளாஸை நீட்டியபடி கேட்டான்:

“அப்ப ஆடு இல்லியா, மச்சான்?”

எனக்கு நாக்குச் சுட்டது. அவன் ரோட்டில் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டே குடித்தான். அலுவலரிடம் உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அறை வாசல்வரை போனேன். இரண்டு முறையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

திருத்திய வரைபடம் வந்ததும் மறுபடி நாங்கள் இருவரும்தான் போனோம். இந்த முறை ஒரு புதர் விடாமல் முதலில் நான் பார்த்தேன். அவன் சாலையோரம் ஒரு மின்கம்பத்தின் அடியில் குனிந்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்க வாய் வரவில்லை. அவன் வண்டிப் பக்கம் நகர்ந்ததும், நானும் போய் அதே இடத்தில் குனிந்தேன்.