மடியில் ஏறிய உளுவை

என் தங்கை ஜெபா இன்று கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். நாற்காலி போட்டிருந்தும் உட்காருவதில்லையாம். வீட்டில் சோறு தின்னும்போதே நடப்பவள் அவள். மாமல்லபுரத்துக் கால்வாய்ச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி உளுவை பார்த்த காலத்தில் மட்டும்தான் அசையாமல் நின்றாள். துடுப்பை ஊன்றிக் கரையில் நடக்கும் மீன் அது. எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு அதைத்தான் எடுத்திருந்தாள்.

"உயிரு மொதல்ல தண்ணிலதாங்க்கா உண்டாச்சு. அப்பால ஏதோ ஒரு மீனு கரையேறிச்சு. அது இது இல்ல. ஆனா எப்டி ஏறியிருக்கும்னு இது காட்டும்" என்பாள்.

2003 ஏப்ரலில் செங்கல்பட்டில் வாய்மொழித் தேர்வு. மீன் நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று வெளியூர்ப் பேராசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். பெயிண்ட் டப்பாவில் ஈரச் சேறும் மூன்று உளுவையும் போட்டாள். மூடியில் நான் ஒரே அளவாகத் துளையிட்டுக் கொடுத்தேன்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாவின் மடியில் டப்பாவைக் கொடுத்தோம். கூட்டம் எங்களைப் பின்னால் தள்ளியது. ஜெபா எட்டி எட்டிப் பார்த்தாள்.

"செத்துருக்குமாக்கா?"

"இப்பதானடி ஏறினோம்."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அந்த அம்மா திரும்பிக் கத்தினார். "ஏம்மா, தண்ணியில்லாமயா மீன எடுத்துகினு போவ? துடிச்சிகினு கெடந்துச்சு. பூவுக்கு வெச்சிருந்த தண்ணிய ஓட்ட வழியா ரொப்பிட்டேன்."

"ஐயோ, அதுங்க மேல வந்து காத்து வாங்கணுமே! மூச்சு முட்டிடும்!" ஜெபா ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள்.

"மீனுக்குத் தண்ணில மூச்சு முட்டுதாம். இன்னா கதைம்மா இது!" கண்டக்டர் சிரித்தார்.

ஜெபா மூடியைப் பிடுங்கினாள். ஒன்று அசையவில்லை. மற்ற இரண்டும் விளிம்பைத் தொற்றி ஏறி, பூக்கார அம்மாவின் புடவையில் குதித்து, முழங்காலை நோக்கி நடந்தன.

"எம்மா தாயே, நடக்குது!"

பஸ்ஸே காலைத் தூக்கிக்கொண்டது. "அதுங்களுக்கும் டிக்கெட் எடும்மா" என்றார் கண்டக்டர், சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு.

ஜெபா இரண்டையும் பிடித்து, தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு மறுபடி சேற்றில் விட்டாள். செங்கல்பட்டு வரும்வரை மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள்.

தேர்வு அறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி சட்டென்று பின்னால் இழுபட்டது.

"ஏம்மா, புடிம்மா! என் பேப்பர் மேல ஏறுது!"

"புடிக்கட்டுமா சார்," என்றாள் என் தங்கை, "இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமா?"