பறக்கக் கூடாது என்று எழுதியவர்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் இதை எழுதித் தருகிறேன். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டுமே இருக்கிறது. அதைப் படித்து உங்களில் யாருக்காவது மனம் வருந்தினால் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அண்ணன் கெலமங்கலத்தில் பிறந்தார். கேழ்வரகு விளையும் கொஞ்சம் மேட்டு நிலம் எங்களுக்கு இருந்தது. அவருக்குப் பதினான்கு வயதில் அப்பா காலமானார். அம்மாவும் நானும் அவர் பொறுப்பானோம். யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ விமானப் பட்டறைக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தார். கன்னடமும் தெலுங்கும் தமிழைப் போலவே பேசுவார். ஆங்கிலம் பேச வராது; ஆனால் படங்களைப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். பதிவேட்டில் எழுத வேண்டிய ஆங்கில வரிகளையும் எழுதிப் பழகினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன்.

யுத்தம் முடிந்ததும் பட்டறையில் ஆட்குறைப்பு வந்தது. அப்போது ஓசூருக்கு மேற்கே, மைசூர் ராஜ்ய எல்லையை ஒட்டி, ஒரு விமானப் பயிற்சிச் சங்கம் மண் ஓடுதளம் வைத்திருந்தது. ராணுவம் கழித்துவிட்ட பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. அண்ணன் அதற்கு மெக்கானிக் ஆனார். நான் ஓசூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய காலம் அது.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் ஊர்ப் பேச்சாகக் கேட்டிருப்பீர்கள். விசாரணைக்கு அண்ணன் கொடுத்த மனுவை ஆங்கிலத்தில் எழுதியவள் நான். அதனால் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

சங்கத்தில் விமானம் ஓட்டிய இளைஞர் ஒருநாள் இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னார்: “வேகமானி அறுபது காட்டுதுங்க. ஆனா விமானம் அம்பதுல போற மாதிரிதான் கைக்குத் தெரியுது.”

அண்ணன் வேகமானியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார். அதுவும் அப்படியே காட்டியது. கண்ணாடிக் குழாயை வளைத்துத் தண்ணீர் ஊற்றி, அந்த அழுத்தத்தை வைத்து இரண்டு கருவிகளையும் சோதித்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. அப்படியானால் பழுது விமானத்தின் குழாயில். இறக்கைத் தூணிலிருந்து வேகமானிக்கு இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்று எதிர்க்காற்றை வாங்குவது, மற்றொன்று சலனமில்லாத காற்றை வாங்குவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஊசி காட்டும். அண்ணன் ஒன்றில் காற்றை ஊதியும் மற்றொன்றில் உறிஞ்சியும் ஊசியை ஏற்றி, குழாயின் வாயை அடைத்துவிட்டுக் கவனித்தார். முதல் குழாயில் ஊசி நின்றது. இரண்டாவதில் நிற்காமல் மெல்லச் சரிந்தது. ஓட்டுபவரின் முன்னால் உள்ள பலகைக்குப் பின்னே, கை நுழையாத இடத்தில், ரப்பர் இணைப்பு வெடித்திருந்தது. பறக்கும்போது, மேலே திறந்திருக்கும் இருக்கைப் பள்ளத்தில் காற்றழுத்தம் குறையும். வெடிப்பு வழியாக அந்தக் குறைவு வேகமானிக்குள் போய் ஊசியை ஏற்றிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது.

சங்கத்துச் செயலாளரிடம் போனார்.

“ஞாயித்துக்கிழமை பெரிய மனுஷங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கேன்ப்பா. கொஞ்சம் கூடக் காட்டினா என்ன, குறையக் காட்டினா என்ன?” என்றார் அவர்.

“குறையக் காட்டினா ஓட்டறவரு வேகமா வந்து இறங்குவாருங்க, பொழைச்சுக்குவாரு. இது கூடக் காட்டுது. வேகம் இருக்குதுன்னு நம்பி மெதுவா வருவாரு. மெதுவா வந்தா விமானம் காத்துல நிக்காதுங்க, விழுந்துரும்.”

குழாய் மாற்றும்வரை பறக்கக் கூடாது என்று அண்ணன் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த இளைஞரும் படித்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார். புதுக் குழாய் வாங்கி வரச் சொல்லி அண்ணனைச் செயலாளரே பெங்களூருக்கு அனுப்பினார்.

அந்த ஞாயிறு காலை எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் என்னைக் கடைவீதியில் பார்த்தார். அவரையும் விமானத்தில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறார்களாம். “உங்க அண்ணன் பாக்கற விமானந்தானேம்மா, பயமில்லையே?” என்று சிரித்தார்.

அண்ணன் வேலைப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருபவர் அல்லர். எனக்குப் பழுது தெரியாது. “எங்கண்ணன் இருக்கறப்ப என்ன பயம் சார்?” என்றேன்.

இறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னாலேயே விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. தலைமையாசிரியர் அங்கேயே இறந்தார். இளைஞர் கால் முறிந்து பிழைத்தார். மதியம் குழாயோடு பஸ்ஸில் வந்திறங்கிய அண்ணனிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போய்விட்டார்.

விசாரணையில் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் எழுதிய பக்கம் அதில் இல்லை. பழுது பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் செயலாளர். இளைஞரைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஞாபகம் இல்லைங்க” என்றார். சம்பவ நாளில் மெக்கானிக் இடத்தில் இல்லை என்பதையும் அண்ணன் மேலேயே எழுதினார்கள். அவருடைய லைசென்ஸ் போயிற்று.

அண்ணன் கெலமங்கலத்துக்குத் திரும்பிக் கிணற்று எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தார். தேன்கனிக்கோட்டையில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவருக்கு மட்டும் பத்திரிகை வைக்க மறந்தார்கள். ‘ஆளைக் கொன்னவன்’ என்ற சொல்லை நான் வெளியாரிடம் முதலில் கேட்கவில்லை. சொன்னவர் இன்று பந்தியில் முன்வரிசையில் உட்காருவார். அம்மா அந்தச் சொல்லைக் கேட்ட மறு வருடம் போய்ச் சேர்ந்தார். அண்ணன் சொந்தத்தில் ஒருவரிடமும் தன் பக்கத்தை எடுத்துச் சொன்னதில்லை. நான் சொல்ல முயன்றால், “கேக்கறவங்களுக்கு வேணாமே, விடும்மா” என்பார்.

கடைசி வருடம் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒரு நாள் அந்த இளைஞர் நொண்டிக்கொண்டே வீட்டைத் தேடி வந்தார். கட்டில் அருகே நின்று அழுதார். புதுக் குழாய் மாற்றியாகிவிட்டது என்று செயலாளர் சொன்னதை நம்பித்தான் பறந்தாராம். உண்மையைச் சொன்னால் தன் லைசென்ஸும் போகும் என்று பயந்து விசாரணையில் வாய் திறக்கவில்லையாம்.

அண்ணன் அவரைத் திட்டவில்லை. “விழறப்ப ஊசி எங்க நின்னுச்சு?” என்று கேட்டார்.

“அறுபதுக்கு மேலதாங்க. தரை தொடற வரைக்கும்.”

“அப்ப குழா முழுசா விட்டுப் போயிருக்குது” என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, “அவருக்குக் காப்பி குடும்மா” என்றார்.

காப்பியைக் கொடுத்துவிட்டு, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி அவரிடம் கேட்டேன். இப்போது வேறு ஊரில் விமான வேலையில் இருப்பதாகவும், இரண்டு குழந்தைகள் என்றும் சொன்னார். அண்ணன் என்னைக் கையமர்த்தினார். மூன்று வாரம் கழித்து அண்ணன் காலமானார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. நோயைக் கண்டு ஒதுங்காமல் கடைசிவரை வந்து ஊசி போட்ட கெலமங்கலம் கம்பவுண்டர் ஐயாவுக்கு நன்றி. தங்கள் எஞ்சின்களை அண்ணனைத் தவிர யார் கையிலும் கொடுக்காத தொரப்பள்ளி விவசாயிகளுக்கு நன்றி. தலைமையாசிரியரின் மனைவியை இங்கே கைகூப்பி வணங்குகிறேன். விபத்து நடந்த மாதமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, “பறக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சேன்னு நீங்க சொல்றதை நான் நம்பறேன் தம்பி” என்று அண்ணனிடம் சொன்னார். இழந்தவர் அவர். அவரால் நம்ப முடிந்தது; நம் சொந்தத்தால் முடியவில்லை.

இந்த மலர் அச்சாகிறது என்று கேள்விப்பட்டு அந்த இளைஞர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். போடவில்லை. அவர் எது கேட்டாலும் மறுக்காதே என்று அண்ணன் சாகும் முன் சொல்லியிருந்தார். அது அண்ணனின் பெருந்தன்மை. எனக்கு அது வரவில்லை.