ரொட்டி மேல் சத்தியம்

தேநீர்க்கடைக் கட்டிலில் எல்லோரும் ரொட்டியைப் பிய்க்கும்போது, எகம்பெர்தி அண்ணன் கோட்டுப் பையிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கை எடுப்பார். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறி, உரித்த தோலைக் கீழே போடாமல் இன்னொரு பைக்குள் போட்டுக்கொள்வார். உப்பைத் தொட்டுக்கொண்டு, முகத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவைத்துத் தின்பார். அறுபதை நெருங்குகிற ஆள், ஊருக்கே தண்ணீர் பிரித்துக் கொடுப்பவர், ஒரு கிழங்கைத் தின்ன இத்தனை கூச்சப்படுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரின் நீர்பாய்ச்சி அவர். கோகந்து நகரத்துக்குத் தெற்கே மலையிலிருந்து வருகிற கால்வாயை முறை வைத்துத் திறந்து, வெங்காய வயலுக்கும் பழத்தோட்டத்துக்கும் அனுப்புவது அவர் வேலை. வலது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியேதான் நடப்பார். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் வருவார். காதில் ஒரு ரைஹான் துளசிக் கொத்து, தோளில் மண்வெட்டி. மடையைத் திறந்துவிட்டுத் தண்ணீரோடு பேசுவார். "வாடி, வா. அங்க என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்குற? அவன் வெங்காயம் காயுது, ஓடு" என்று, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாத மகளை விரட்டுவதுபோல விரட்டுவார். மனிதர்களிடம் இதில் பாதி கூடப் பேசமாட்டார்.

கதை மூன்று கோடைக்கு முந்தையது. மழை பொய்த்த வருடம். கோச்கோரின் முலாம்பழக் கொடி அவனுடைய முறையன்று தண்ணீர் வந்து சேராமல் வாடிப்போனது. கோச்கோர் நல்ல உழைப்பாளி, ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. எகம்பெர்தி விடியலில் தன் மச்சான் தோட்டத்துக்கு மடையைத் திருப்பிவிட்டார் என்று தேநீர்க்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அண்ணன் விரிப்பிலிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினார். "நான் திறந்துருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்று சொல்லி ஒரு வாய் கடித்தார். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. கோச்கோரும் வாயை மூடிக்கொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அண்ணனுக்கு வயிறு படுத்த ஆரம்பித்தது. தின்றது நிற்கவில்லை. வாயெல்லாம் புண், முழங்கையில் கொப்புளம், மண்வெட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. ரொட்டியும் நூடுல்ஸும் தின்ற நாளில்தான் இந்தப் பாடு என்று அவரே கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லாமல் கோதுமையை நிறுத்தினார். புலாவ், கறி, கிழங்கு, தயிர் என்று ஓட்டினார். மறு கோடைக்குள் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. பிழைத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் ரொட்டியைத் தொடாத மனிதனை எங்கள் ஊர் சும்மா விடுமா? ஒரு துக்க வீட்டில் நீட்டிய துண்டை வாங்கித் தொண்டைக்குள் போடாமல் சட்டைக்குள் போட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். "ரொட்டி அடிச்சிருச்சு" என்றான் கோச்கோர். அவ்வளவுதான். அடுத்த முறைகளில் அவரவர் மடையில் அவரவர் காவல் நின்றார்கள். அவர் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் பிரித்துவிட்ட தண்ணீரை, அவர் போன பிறகு குச்சி வைத்து ஆழம் பார்த்தார்கள். இருபது வருடமாக அவர் சொன்னால் சரி என்றிருந்த ஊர் இது.

என் பழைய வண்டியில் அவரைப் பட்டணத்து வைத்தியரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சீலியாக் என்று ஒரு நோய் உண்டு, கோதுமையில் இருக்கும் பசைச்சத்து சிலருடைய குடலை அரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. திரும்பும் வழியில்தான் விஷயத்தைக் கக்கினார். ரொட்டியை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை வைத்தியரம்மாளிடம் அவர் சொல்லவே இல்லை.

"எப்படித் தம்பி சொல்றது? ரொட்டி வேணாம்னு வாயால சொல்லுவாங்களா? எல்லாரும் திங்கறதத்தான் திங்கறேன்னுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். ஆனால் யாரைத் திட்டுவது? அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கும் நாக்கு எழும்பியிருக்காது. ஊருக்குள் அதற்குள் சேதி போய்விட்டது. நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது, அப்படியானால் வேறு என்ன என்று தேநீர்க்கடையில் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்களுக்குப் பதிலும் தெரிந்திருந்தது.

இரண்டாம் முறை அவர் மனைவி சனோபர் கூட வந்து உண்மையைப் போட்டு உடைத்தாள். வைத்தியரம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்திட்டா ரத்தத்துல தெரியாதுங்க ஐயா. இது நோயே இல்லன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சே ஆகணும்னா திரும்பத் திங்கணும். தினமும் ரெண்டு துண்டாவது, ஒன்றரை மாசத்துக்குக் கொறயாம. தெரிய வேணாம்னா இப்படியே இருங்க, ஒடம்பு நல்லாத்தானே இருக்கு."

"தெரியணும்மா. மாசிப் பனி விட்டதும் ஊர் கூடி நீர்பாய்ச்சிய முடிவு பண்ணுவாங்க. அதுக்குள்ள தெரியணும்" என்றார் அண்ணன்.

அந்த ஒன்றரை மாதத்தை நான் மறக்கமாட்டேன். காலையில் தேநீர்க்கடைக்கு வந்து, எல்லோரும் பார்க்க ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். முகத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பமாட்டார். தந்தூர் அடுப்பிலிருந்து வந்த சூடு ஆறாத ரொட்டி, மேலே எள், அவருக்கு உயிரான ருசி. மென்றுகொண்டே, "என்னா மணம், பாவி" என்பார். அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முசுக்கட்டை மரங்களுக்குப் பின்னால் ஓடுவார். இடுப்பு வாரில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். ஒரு நாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்ணே, விட்டுருங்க. ஊரு என்ன சொன்னா என்ன?" என்றேன்.

"ஊர விடு. சனோபரே கேட்டுட்டா."

"என்ன கேட்டாங்க?"

"என் தம்பிக்காக ஏதாச்சும் பண்ணுனீங்களா, பண்ணியிருந்தா எங்கிட்ட மட்டுமாவது சொல்லிருங்கன்னு கேட்டா. சண்டை போட்டுக் கேக்கல. ரொட்டிய என் முன்னால வச்சுட்டுக் கேட்டா, அழுதுகிட்டே." மண்வெட்டி முனையால் வரப்பு மண்ணைக் கீறினார். "இப்பல்லாம் எனக்கே சந்தேகம் வருது தம்பி. அன்னிக்கு விடியக்காலம் நான் மச்சான் மடைப்பக்கம் போனேனா? போகலன்னுதான் ஞாபகம். ஆனா இந்த வலி வரும்போது, போயிருப்பேனோன்னு தோணுது."

அவர் போகவில்லை. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் நான் நம்பி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டுக் குடலிலிருந்து துளி சதையும் எடுத்தார்கள். இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை, சீலியாக்தான். "பொறவியிலேயே வர்ற வாகு இது. எந்த வயசுலயும் வெளிய வரலாம். இனி ஆயுசுக்கும் ஒரு துணுக்குக்கூட ஆகாது" என்றார் வைத்தியரம்மாள்.

"அப்ப நான் பொய் சொன்னதால வந்தது இல்லயே?"

"எந்தப் பொய்?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

வண்டியில் ஊர் வரும்வரை அவர் பாடிக்கொண்டு வந்தார். அவருக்குப் பாட வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஊர் கூடிய அன்று காதில் புது ரைஹான். விரிப்பின் நடுவில் வழக்கம்போல ரொட்டி அடுக்கு. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே ஆரம்பித்தார். சோதனை பார்த்ததையும் நோய் என்று தெரிந்ததையும் நிதானமாகச் சொன்னார்.

"வைத்தியரம்மா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றான் கோச்கோர்.

"என் கொடல அரிக்குதாம்."

"எது அரிக்குதாம்?"

"ரொட்டி."

"அதத்தானேண்ணே நாங்களும் சொல்றோம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "பொறவியில வர்றதுன்னு சொன்னாங்கப்பா" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பொறவியிலயே இருந்துச்சுன்னா அம்பத்தஞ்சு வருசம் எப்படித் தின்னாரு? சத்தியம் பண்ணுன வருசந்தான் அதுக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" என்றான் அவன். வைத்தியரம்மாள் சொன்னதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பெரியவர்கள் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோச்கோர் அடுக்கின் மேலிருந்த ரொட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். அவன் குரலில் பகையில்லை, அதுதான் கொடுமை. "இப்படிக் கேக்க எனக்கு மட்டும் ஆசையாண்ணே? மனசுல ஒண்ணும் இல்லன்னா, அன்னிக்குச் சொன்னத இன்னிக்கும் சொல்லி ஒரு வாய் கடிச்சிருங்க. இதோட முடிஞ்சு போகட்டும்."

எகம்பெர்தி அண்ணனின் வலது கை எழுந்தது. விரல்கள் ரொட்டியின் விளிம்பைத் தொட்டு, அப்படியே நின்றன. பிறகு இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மடியில் அழுத்தி வைத்துக்கொண்டார்.