டைல்ஸ் ஒட்டிய மண்சுவர்

எங்கள் தெருவுக்குச் சமுதாயக்கூடம் கட்ட ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். நான் அவருடைய சைட் இன்ஜினியர். சங்கரன்கோவில் செம்மண்ணையே கற்களாக அழுத்தி அவர் எழுப்பிய சுவர்கள் சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றிருந்தன. திறப்பு விழாவுக்குமுன் அவர் வெளியூர் போன சமயம், கமிட்டித் தலைவர் அண்ணாச்சி சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்.

"மண்ணுச் சுவத்தப் பாத்தா, இங்க கல்யாணத்துக்கு வார மாப்பிள்ளை வீட்டுக்காரன் நம்மள என்னன்னு வே நெனைப்பான்?" என்றார் என்னிடம்.

விழாவன்று அதே அண்ணாச்சி கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைக் கொண்டுவந்து கட்டடக் கலைஞரின் நெற்றியில் பூசினார். மீதியை அவர் கையில் வைத்தார். "நம்ம ஊரு மண்ணு. எந்த நோயும் அண்டாது. வாயில போட்டுக்கிடுங்க."

அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டிய கேவலம் எனக்கு. அவர் டைல்ஸைப் பார்த்துக்கொண்டே மண்ணை மரியாதையாக விழுங்கினார். எனக்குத்தான் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.