நுரை வராத குழாய்

நம் ரத்தத்தில் ஒரு வெள்ளணு இன்னொரு வெள்ளணுவைக் கூப்பிடும்: எழுந்திரு, பெருகு. அந்தக் கூப்பாடு ஒரு புரதம். எண்பதுகளின் கடைசியில் மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அதன் வயிற்றில் அந்தக் கூப்பாட்டை விளைவித்து, உலர்த்தி, குப்பியில் அடைத்து, கடல் தாண்டி அனுப்பினார்கள். சென்னையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு குப்பி வந்தது. அடியில் மூச்சுக்காற்று படிந்த மாதிரி ஒரு வெண்மை. அவ்வளவுதான்.

அது எனக்கும் என்னோடு ஆய்வு செய்த தோழிக்கும் சேர்த்து வந்தது. நான் விழுப்புரம், அவள் திண்டிவனம். ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு, திங்கள் காலைப் பாசஞ்சரில் நான் முதலில் ஏறுவேன். பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவைப்பேன். திண்டிவனத்தில் ஏறும் அவள், அதை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு உட்காருவாள். என் கைக்குட்டைகளெல்லாம் அவளுடைய பவுடர் வாசனையோடுதான் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தன.

எங்கள் வழிகாட்டி சாரிடம் ஆய்வைத் தொடர ஓர் இடம்தான் இருந்தது. யாருடைய வெள்ளணுச் செல்கள் தட்டில் நின்று வளர்கின்றனவோ, அவருக்கு. தவறினால் எனக்கு வீடுதான். "கெடைக்கலன்னா பேசாம வந்துடு. மாப்ள வூட்டுக்காரங்க கேட்டுக்கினே இருக்காங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டிருந்தார்.

செல் வளர்க்க ரத்தம் வேண்டும். "ஊசியப் பாத்தாலே எனக்குத் தல சுத்துதுடி" என்றாள். அவளுக்கும் சேர்த்து நானே கையை நீட்டினேன். அவள் தட்டிலும் என் ரத்தம், என் தட்டிலும் என் ரத்தம்.

வெறும் நீரில் கரைத்தால் அந்தப் புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். அதனால் அல்புமின் என்ற இன்னொரு புரதம் கலந்த நீரில் கரைத்தோம். சுண்டுவிரல் குழாய்களில் பங்கிட்டு உறைய வைத்தோம். அவளுக்குச் சிவப்பு மூடி, எனக்கு நீலம். ஒரு குழாயை ஒரு முறைதான் உருக்கலாம். மறுபடி உறைந்தால் கூப்பாடு செத்துவிடும். உருகியதை விரலால் சுண்டினால், அல்புமின் இருப்பதால், சோப்புத் தண்ணீர்போல ஓரத்தில் நுரை கட்டும்.

அக்காவின் வளைகாப்புக்கு நான் ஊரில் தங்க வேண்டி வந்தது. "என் தட்டையும் பாத்துக்கடி" என்றேன். "நீ போய் வளையல் போட்டுக்கினு வா. உன் புள்ளைங்கள நான் பட்டினி போட்டுடுவனா?" என்று சிரித்தாள்.

திரும்பி வந்து என் தட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். திராட்சைக் கொத்துகளாய் இருந்தவை மணலாய்ச் சிதறிக் கிடந்தன. அவள்தான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ போறப்பவே அதுங்களுக்கு நோவு வந்துடிச்சிடி. நான் இன்னா பண்ணுவேன்?" அழுகை அடங்கியதும் நான் கொண்டுவந்த, வெல்லத்தில் பிடித்த மல்லாட்டை உருண்டையைத் தின்றாள்.

மிஞ்சிய சில செல்களையாவது காப்பாற்றலாம் என்று ஒரு நீல மூடிக் குழாயை உருக்கினேன். சுண்டினேன். நுரை இல்லை. இன்னொன்று. இல்லை. வெறும் உப்புநீர்! அவளுடைய சிவப்பு மூடி ஒன்றை எடுத்துச் சுண்டினேன். ஓரமெல்லாம் பொங்கியது.

அந்த வாரம் முழுவதும் அவளோடு சாப்பிட்டேன், பேசினேன்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஏறியபோது கைக்குட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து இடத்தில் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்துவிட்டார். திண்டிவனத்தில் ஏறியவள் நெரிசலில் என் அருகே வந்து நின்றாள்.

"இன்னாடி, எடம் போடலையா?"

"உன் டியூபுல நுரை வருது. என்னுதுல வரல."

அவள் மேலே தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

"என்னுத மொத்தமா வெளிய எடுத்து வெச்சிட்டு சாப்புடப் போயிட்டேன். எல்லாம் உருகிடிச்சி. திரும்ப உள்ள வெச்சேன், வேல செய்யல. அதத் தூக்கிப் போட்டுட்டு, உன் டியூபுக்கு என் மூடியப் போட்டுக்கினு, உன் மூடியில உப்புத்தண்ணிய வெச்சிட்டேன். பயமா இருந்திச்சிடி."

"கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பனே."

"பாதி எப்பிடிப் பத்தும்?"

இதைத் தயக்கமே இல்லாமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சார்கிட்ட சொல்லிடுவியா?"

வெள்ளரிக்கார அம்மா நகர்ந்து கொடுத்தார். "குந்துமா, ரெண்டு பேரும் அட்ஜஸ் பண்ணிக்கலாம்." அவள் உட்காரவில்லை. நானும் அழைக்கவில்லை.

ஆய்வகத்துக்குப் போனதும் வெப்பப்பெட்டியைத் திறந்து அவளுடைய தட்டை எடுத்துப் பார்த்தேன். கொத்துக் கொத்தாய், உருண்டு, மினுமினுத்து, பெருகிக்கொண்டிருந்தன. என் குழாயிலிருந்து திருடிய கூப்பாட்டைக் கேட்டு எழுந்த என் செல்கள். சாரிடம் சொன்னால் அவளை அனுப்பிவிட்டு, இந்தத் தட்டில் பிளீச்சிங் ஊற்றி அழிக்கச் சொல்வார். என் செல்கள் குடித்துப் பிழைக்க இன்னொரு குப்பி எங்கிருந்தும் வரப்போவதில்லை.

தட்டு ஆடாமல் திரும்ப வைத்தேன். கதவைச் சாத்தினேன். பெட்டி படுக்கையோடு மாலை வண்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்து, விழுப்புரத்துக்குத் திரும்பினேன்.