பத்தாவது சட்டை

எனது 1971 மே மாத நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு, "ஒன்பது பேர், பத்துச் சட்டை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எடையைக் குறைக்க நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பியதால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீச்சல் குளத்துக்குப் போனவன், கம்பியில் தொங்கிய துண்டுகளைக் கண்டதும் என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன்.

மேற்குத் தாம்பரத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அன்று தண்ணீர் தேங்கிய கல்குவாரி இருந்தது. நீந்தி முடித்து வீடு திரும்புமுன், பாறைமேல் கிடக்கும் சட்டைகளையும் ஈரத் தலைகளையும் எண்ணுவோம். ஒரு சட்டை அதிகமிருந்தால் ஒருவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள்.

அன்று நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று மிஞ்சியது.

"யார்துடா இது? விளையாடாதீங்கடா," என்றார் எங்களில் மூத்தவரான ஜேம்ஸ் அண்ணா.

"நாங்க எல்லாரும் இங்கதாண்ணா இருக்கோம்."

அவர் குதித்தார். பச்சைத் தண்ணீர் அவரை மூடிக்கொள்ள, ஒவ்வொரு முறையும் அவர் தலை தெரியும்வரை நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏழு முறை மூழ்கி, ஏழு முறையும் வெறுங்கையோடு வந்தார்.

"எவனோ மறந்துட்டுப் போயிருப்பான். வீட்ல யாரும் வாயைத் திறக்காதீங்க," என்றபோது அவர் பற்கள் கிடுகிடுத்தன.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை பாறைமேல் சட்டை இல்லை. உரியவனே வந்து எடுத்துப்போனானா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.